அலமாரியிலிருந்து ஊருக்குள் போன கோபுரங்கள்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி உட்கார்ந்து எழுது என்றான் தம்பி. எழுதலாம், ஆனால் உட்கார முடியவில்லை. சமையலறை மேடையில் தாளை வைத்துக்கொண்டு, நின்றபடியே எழுதுகிறேன். நான் யார் மகள் என்று இதைப் பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கல்லலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கண்மாய் நிறைந்த வருடம் சொந்த வயலில் நடவு. நிறையாத வருடம் அடுத்த ஊரில் கூலி வேலை. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தங்கையை, அதாவது எங்கள் அத்தையை, குறை சொல்ல இடமில்லாமல் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். அரசுப் பேருந்தில் நடத்துநர் வேலை கிடைத்ததும் அம்மாவோடு காரைக்குடிக்குக் குடிவந்தார்.

ஓடுகிற பேருந்தில் காலமெல்லாம் நின்றவர், வீட்டிலும் நின்றார். சாப்பாடு நின்றுகொண்டு, பேச்சு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. விடுமுறை நாளில் தெருவாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து சிமெண்டுத் தரையே வழவழப்பாகிவிட்டது. "ஏங்க, உக்காந்தா டிப்போவுல கேஸ் போட்டுருவாகளா?" என்று அம்மா கேட்பார். "உக்காந்தா காலு மரத்துப் போகுது" என்பார் அப்பா. தீபாவளி, பொங்கல் எதிலும் அவர் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. குன்றக்குடியில் பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி, திருக்கோஷ்டியூரில் தெப்பம் என்றால் சிறப்புப் பேருந்து ஓடும். அதில் அப்பா இருப்பார். கூட்டத்தைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, விசில் கொடுத்து, அடுத்த கூட்டத்தை ஏற்றிவரத் திரும்பிவிடுவார். அந்த வாசலை அவர் தாண்டியதே இல்லை. எங்களுக்கு அப்போது அது வருத்தமாகப் படவில்லை. பிரசாதம் வரவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.

பணி நிறைவு விழாவில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சின்னத் திருமயம் கோட்டையைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிசினில் வார்த்து வண்ணம் பூசியது, உள்ளங்கையில் அடங்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைக் காட்டி, "இங்குட்டு இப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நான் பாத்ததெல்லாம் ரோட்டுப்பக்கம் மட்டுந்தான்" என்றார். மறுநாள் காலை முதல் பேருந்தில் திருமயம் போனார். உச்சியில் இருக்கும் பீரங்கி வரை ஏறி, கோட்டையைச் சுற்றி வந்து, வெயிலில் கறுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதிது.

அன்று பிடித்ததுதான். கோயில் வாசல் கடை, பொருட்காட்சி, பழம்பொருள் கடை என்று எங்கே சின்னக் கட்டடத்தைப் பார்த்தாலும் வாங்கினார். பித்தளையில் பிள்ளையார்பட்டி, சுடுமண்ணில் காளையார்கோவிலின் பெரிய கோபுரமும் சின்னக் கோபுரமும், வெள்ளைச் சிமெண்டில் மதுரை மகால். ஆனால் வாங்கிய உடனே எதுவும் கண்ணாடி அலமாரிக்குள் போகாது. நேரில் போய், ஏற முடிந்தவரை ஏறி, பின்பக்கமும் பார்த்துவிட்டு வந்தால்தான் உள்ளே இடம். அதுவரை குளிர்சாதனப் பெட்டியின் தலையில் நிற்கவேண்டும். "அது ஸ்டாண்டிங்ல வரட்டும்" என்பார். தூசி துடைக்கும் அம்மாதான் அல்லாடுவார். "வீட்டுல ஆளு நடக்க எடமில்ல, ஊருல உள்ள கோயிலெல்லாம் இங்க வந்து நிக்குது."

சின்னச் செட்டிநாட்டு வீடு ஒன்று ஸ்டாண்டிங்கில் இருந்தபோது நானும் கூடப் போனேன். கோட்டையூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு. காவலாளி கையை விரித்தார்.

"வீட்டாளுக மெட்ராஸ்ல இருக்காக. நான் எப்புடி விடுறது?"

"அண்ணே, நான் ஒரு பொருளையும் தொட மாட்டேன். முன்வாசல்ல ஏறிப் பின்வாசல்ல எறங்கிருவேன். நீங்களும் கூடவே வாங்க."

முன்வாசலிலேயே அவரோடு பேசிக்கொண்டு நின்றார் அப்பா. கடைசியில் காவலாளியே அலுத்துப்போய்ச் சாவியை எடுத்தார். ஒரு தெருவில் ஏறி, அறை அறையாக, முற்றம் முற்றமாக நடந்து, அடுத்த தெருவில் இறங்கினோம். "ஒரு ஸ்டேஜு தூரம் வரும் போல" என்றார் அப்பா. எனக்குக் கால் வலித்தது. அவருக்கு அடுத்தது எங்கே என்ற யோசனை வந்துவிட்டது.

பிறகு இதயம் இடக்கு செய்தது. மதுரையில் மருத்துவர் மாத்திரைகளோடு, படி ஏறக்கூடாது என்ற கட்டளையையும் கொடுத்தனுப்பினார். அப்போது ஸ்டாண்டிங்கில் மிச்சமிருந்தது திருக்கோஷ்டியூர்க் கோயில் விமானம் ஒன்றுதான். அங்கே மேல்தளத்துக்குப் போகும் படி குறுகல், செங்குத்து.

"கீழ நின்னு கும்புட்டுட்டு வந்துருங்கப்பா. பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றேன்.

"அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு ஆத்தா. நான் கோவிச்சுக்கிடுவேன்."

ஒரு காலையில் நான் வேலைக்குப் போன பிறகு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சாயங்காலம் நான் வரும்போது விமானம் அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது. நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் ஒருநாள் விடிந்ததும் அம்மா காபி கொடுத்தபோது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். அம்மா உடனே தம்பியை எழுப்பி அனுப்பினார். தம்பி ஆட்டோ கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் சாமி படங்களை மூடிவைப்பது வழக்கம். அத்தை அழுதுகொண்டே பூஜை அறையைச் சாத்திவிட்டுத் திரும்பியவர், அலமாரியைப் பார்த்துத் திகைத்து நின்றார். "அய்யய்யோ, இதுக்குள்ள அம்புட்டுக் கோயிலு இருக்கே! இத என்ன செய்ய?" ஒரு வேட்டியை எடுத்து அலமாரிக்கும் போர்த்தினார்கள். கருமாதி முடிந்து வீடு கழுவிய அன்று பேச்சு மறுபடி எழுந்தது. தீட்டுப்பட்ட வீட்டில் இருந்த கோபுரங்களைத் திரும்ப வைத்துக் கும்பிடக்கூடாது என்றார் அத்தை. அப்பா அவற்றைக் கும்பிட்டதே இல்லை, துடைக்கக்கூட இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நானும் அம்மாவும் தம்பியும் இறப்புச் சான்றிதழ் விஷயமாக வெளியே போயிருந்தோம்.

பழைய சாமி படங்களையும் உடைந்த சிலைகளையும் குப்பையில் போட மனம் வராமல் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைப்பது எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். மாமா, அம்மாவின் தம்பி, சொன்னதைச் செய்பவர். கோபுரம், விமானம், மண்டபம் என்று சாமி சம்பந்தப்பட்டதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி, மொபெட்டில் ஏற்றி, ஊருணிக்கரை அரசமரத்தடியில் வைத்து, சூடமும் ஏற்றிவிட்டு வந்துவிட்டார். கோட்டையும் மகாலும் செட்டிநாட்டு வீடும் சாமி இல்லை என்பதால் தப்பின.

நாங்கள் திரும்பியபோது அலமாரி வெறிச்சென்று கிடந்தது. "அத்தாச்சி சொன்னாக, வச்சுட்டு வந்தேன். தப்பாக்கா?" என்று மாமா பரிதாபமாக நின்றார். அந்த அலமாரியை வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த அம்மா, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவுக காலு நோக நோக நடந்து வாங்குன எடம்டா அதெல்லாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கடைசி விமானம் மட்டுமாச்சும் வேணும். போய்க் கொண்டாந்துரு" என்றார். அன்று அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

அரசமரத்தடியில் சாக்குதான் கிடந்தது. எதிரே பூ விற்கும் அக்காவிடம் கேட்டேன். "நல்லா இருந்துச்சுன்னு ஆளாளுக்கு எடுத்துட்டுப் போனாக" என்று, தெரிந்தவர்கள் பேரையெல்லாம் சொன்னார். விமானத்தை மட்டும் யார் எடுத்தது என்று தெரியவில்லை என்றார். அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு ஆட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளையார்பட்டி இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். கோட்டையூரில் ஒரு தையல்கடையில் காளையார்கோவில் கோபுரங்கள், மல்லிகைச் சரத்தோடு, தையல் இயந்திரத்துக்கு மேலே இருந்தன.

"எங்க அப்பாவோடதுண்ணே" என்றேன்.

"எடுத்துக்கிடு தங்கச்சி. நேர்லதான் போனதில்ல, இதையாச்சும் பாத்துக்கிட்டு இருப்போம்னு வச்சேன். கடையப் போட்டுட்டு எங்க போறது?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கோபுரங்களைக் கையில் வாங்கித் துடைத்தார். பிறகு, "அதத் திருப்பிக் குடுத்துரு. ஒருக்கா போயிட்டு வந்துட்டு வச்சுக்கிடச் சொல்லு. ஆட்டோக்காரருக்கும் அதேதான். அவுக போட்ட சட்டம் அதுதான?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாய் படாத பாடு பட்டுத் தேடியது நான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்கடைக்காரர் மனைவியோடு காளையார்கோவிலில் நின்றுகொண்டு போனில் கூப்பிட்டு, "தங்கச்சி, பின்னாடியும் சுத்திப் பாத்துட்டோம்" என்றபோது, நான் அலுவலகம் என்றும் பாராமல் அழுதேன்.

இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், பணி உடுப்போடு வந்து தோள் கொடுத்த டிப்போ நண்பர்களுக்கும், அன்றைக்கு எங்களுக்கு உலை வைக்கும் கவலையே இல்லாமல் பார்த்துக்கொண்ட எங்கள் தெருவினருக்கும் நன்றி. கோபுரங்களை ஊர் சுற்ற அனுப்பிவைத்த அத்தைக்கும் மாமாவுக்கும்கூட, இப்போது கோபம் போய் நன்றிதான் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் யாரிடமாவது அவற்றில் ஒன்று இருந்தால் திருப்பித் தர வேண்டாம். ஒருமுறை நேரில் போய்வாருங்கள், அது போதும்.

கடைசியாகப் பூக்கார அக்கா. போன மாதம் அவரே வீட்டுக்கு வந்தார். விமானம் தன் வீட்டில்தான் இருக்கிறது, கேட்ட அன்று சொல்ல நாக்கு எழவில்லை என்றார். அவருடைய கணவர் மூட்டை தூக்கும்போது விழுந்து, எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார். நானும் அம்மாவும் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் விமானம் இருந்தது. வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து, கணவர் அதை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ஒரு தடவ போயிட்டு வந்தவுகதான் வச்சுக்கிடணும்னு சொன்னீகளாமே. நான் எங்குட்டுப் போக?" என்றார் அவர்.

"நீங்க போக வேணாம். அவுக போயிட்டு வந்துட்டாக. உங்களுக்கும் சேத்துத்தான்."

அவர் விமானத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "மேல ஏறுனா என்ன தெரியுமாம்?" என்று கேட்டார்.

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றார் அம்மா. "மூச்சு வாங்க எறங்கி வந்து, மொதல்ல அதத்தான் சொன்னாக. 'கீழ ரோட்டுல நம்ம பஸ்ஸு போகுது. ஆளுக எறங்கி, எல்லாரும் கோயிலுக்குள்ள வாராக'ன்னாக."

இதை அம்மா எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.