வலிக்காத கண்

உப்பு ஒத்தடத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. இரும்புச் சட்டியில் வறுபட்ட கல்லுப்பும், அதை முடிந்த பழைய வேட்டித் துணி லேசாகக் கருகுகிற நெடியும் கலந்து வரும். என் ஆறாவது வயதின் காலைகள் எல்லாம் அந்த வாசனையோடுதான் விடிந்தன. இடது முழங்கால் கொழுக்கட்டை போல வீங்கி, மடக்கிய வாக்கிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆத்தா ஒத்தடம் கொடுத்து மெல்ல நீட்டிவிட்டால்தான் நான் கட்டிலைவிட்டு இறங்க முடியும்.

வேடிக்கை என்னவென்றால், வெயில் ஏறஏற அந்தக் கால் இளகிவிடும். காலைப் பிரார்த்தனைக்கு நிற்க முடியாமல் அழுத பிள்ளை சாப்பாட்டு மணிக்கு ஓடினால் யார்தான் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் எனக்குப் "பாசாங்குக்காரி" என்று பெயர் விழுந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் "சுளுக்கு" என்றார்கள், "வளர்ற வலி" என்றார்கள். தடவாத தைலம் இல்லை. கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர், பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று சொன்னபோது அப்பச்சிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வோம்.

வாரம் ஒரு நாள் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, தினமும் காலுக்குப் பயிற்சி என்று அந்த மருத்துவர் அடுக்கிவிட்டு, "மூணு மாசத்துக்கு ஒருக்கா கண்ணையும் காட்டிருங்க. இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ள போயிரும். வலிக்காது, சிவக்காது. நீங்களா கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

"முட்டிக்கு வந்த நோய்க்குக் கண்ணை எதுக்குப் பாக்கச் சொல்றாரு?" என்று அப்பச்சி பஸ்ஸில் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆனாலும் கூட்டிப்போனார். கண்ணில் ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.

இதற்கிடையில் அப்பச்சி ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பது காரைக்குடிப் பக்கத்து எங்களவர்களின் வழக்கம். கால் சரியானால் என்னையும் நடத்திக் கூட்டிவருவதாக முருகனிடம் சொல்லியிருந்தார். மாத்திரை தன் வேலையைச் செய்தது. மறு வருஷம் வீக்கம் வற்றிவிட்டது. நடந்தேன். சோர்ந்தபோது அவர் தோளில் போனேன். வழியில் பெண்கள் என் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், எனக்கோ பெருமை பிடிபடவில்லை. மலையடிவாரத்தில் அப்பச்சி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஊர் திரும்பியதும் மாத்திரை நின்றது. மதுரைப் பயணமும் நின்றது.

"கண்ணுக்குக் காட்டுற நாள் வந்துருச்சு. டாக்டர் அம்புட்டுச் சொன்னாரே, மறந்துட்டீகளா?" என்று ஆத்தா கேட்டாள்.

"முருகன் குடுத்ததை டாக்டர்கிட்டக் கொண்டுபோய்ச் சோதிக்கிறதா? போனா அவனை நம்பலைன்னு ஆயிராதா?" என்றார் அப்பச்சி.

வேண்டுதல் தீர்த்த பிறகு சந்தேகப்படுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். ஒரு முறையாவது எனக்குக் கண் வலித்திருக்கலாம். வலித்திருந்தால் அழுதிருப்பேன், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். வலிக்கவே இல்லை.

நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வந்தார்கள். வலது கண்ணை அட்டையால் மறைத்து எதிரே இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். "எந்த எழுத்து?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்து டீச்சர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். எதிரே புகைதான் இருந்தது. எல்லோருக்கும் ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மதுரை மருத்துவர் திட்டவில்லை. "ஏங்க வராம விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். நோய் இடது கண்ணுக்குள் போய் நாளாவட்டத்தில் தழும்பு கட்டிவிட்டது, வலது கண்ணையாவது காப்பாற்றலாம் என்றார்கள். காப்பாற்றினார்கள்.

இப்போது எனக்குக் காரைக்குடியிலேயே வேலை. மாத்திரை தொடர்கிறது. கண்ணுக்குக் காட்டும் நாள் வந்தால் எனக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவர் அப்பச்சிதான். ஒவ்வொரு தையிலும் பழனிக்கும் நடக்கிறார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை. அவர்மீது எனக்குக் கோபம் உண்டு, இன்னும் ஆறவில்லை. அது அவருக்கும் தெரியும். வீட்டில் எல்லோரும் என் வலது பக்கமாக வந்துதான் பேசுவார்கள். அப்பச்சி மட்டும் இடது பக்கமாக வந்து நிற்கிறார், அங்கே நின்றால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது என்பதற்காக.