தலையில் ரிப்பன், கையில் பிள்ளை

பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிவிட்டு, விழுந்து தொலைக்கக் கூடாதே என்று பக்கத்தில் நின்று பதறுவதுதான் என் வேலை. துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஓர் இந்தியப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். திருநெல்வேலிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவளைக் கூப்பிட்டு, ஆளை ஆள் தூக்கி ஆடுகிற சியர்லீடிங் டீமும் இனி உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் பயிற்சி வகுப்பு, கண் வலிக்க வலிக்க வீடியோ, பதினான்கு பெண் பிள்ளைகள். மற்றப் பள்ளிகளில் இதே பாடு படுகிற பி.டி. டீச்சர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

சர்க்குலர் வந்தது

சியர்லீடிங் ஆடுகிற பெண்கள் உச்சந்தலையில் ஒரு சாண் அகலத்துக்கு ரிப்பன் முடிச்சு வைத்துக்கொள்வது வழக்கம். ஹேர் போ என்பார்கள். போட்டியன்று வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் மேடம் பிராக்டிஸ் பார்க்க வந்தார். போனில் நாலு படம் எடுத்தார், பார்த்தார், முகத்தைச் சுளித்தார். மறுநாளே சர்க்குலர்: தினசரி பிராக்டிஸுக்கும் ரிப்பன் கட்டாயம்.

பிள்ளைகள் ஆடுகிற மெத்தை விரிப்பின் ஓரம் பிய்ந்து கால் தட்டுகிறது என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் இரண்டு மாதமாக அவர் மேஜையில் தூங்குகிறது. அதற்கு ஒரு பதில் இல்லை. ரிப்பனுக்கு ஒரே நாளில் சர்க்குலர்! நேரே போய்க் கேட்டேன். மேடம் நிதானமாகச் சொன்னார்:

"ரிப்பன் இல்லாம போட்டோ எடுத்தா சாதாரண பி.டி. பீரியட் மாதிரி இருக்கு மிஸ், பேரன்ட்ஸ் குரூப்ல எப்படிப் போடறது?"

கராமா கடைக்காரர்

ரிப்பன் தைத்து வாங்குகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கராமாவில் கீழக்கரைக்காரர் ஒருவர் ஃபேன்சி கடை வைத்திருக்கிறார். மேடம் கொடுத்த மாதிரி ரிப்பனை அவரிடம் காட்டினேன். அடியில் விரல் நீளத்துக்கு இரும்புக் கிளிப். அதை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைக்க முடியுமா என்று கேட்டு, மேடத்துக்கும் போன் போட்டேன். மாதிரியில் இருப்பது போலவே வேண்டும், மாற்றக் கூடாது என்று உத்தரவு. கடைக்காரர் கிளிப்பைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார்.

"இதைத் தலையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கலாம் டீச்சர், சுவத்துல சாயக்கூட முடியாது."

கன்னத்தில் கோடு

டீமில் இரண்டு பேரை உங்களுக்குத் தெரிய வேண்டும். நிலா, ஏழாவது, ஒல்லிப் பிள்ளை, உச்சியில் ஏறி நிற்பவள். ரிஸ்வானா, ஒன்பதாவது, காயல்பட்டினத்துக்காரர் மகள். தலையில் எப்போதும் ஸ்கார்ஃப், தோளில் நல்ல வலு. நிலாவைத் தூக்குகிறவர்களில் முதல் ஆள் அவள். மேலிருந்து நிலா மல்லாந்து விழும்போது அவள் தலை நேராக வந்து சாய்வது ரிஸ்வானாவின் தோளில்தான்.

சர்க்குலர் வந்த இரண்டாவது வாரம், அந்தத் தலையில் ரிப்பன், ரிப்பனில் கிளிப். ரிஸ்வானாவின் கண்ணுக்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளிச் சிவப்பாகக் கோடு விழுந்தது. ரத்தம் எட்டிப் பார்த்தது. அப்போதும் அவள் நிலாவைக் கீழே விடவில்லை. நர்ஸிடம் காட்டிவிட்டு, கையோடு மேடத்திடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணுல படலையே மிஸ்!"

பிஸ்கட் டப்பா

அன்று மாலையே பதின்மூன்று ரிப்பனைக் கழற்றி, ஸ்கார்ஃபால் ரிஸ்வானா வைக்காமல் கிடந்த ஒன்றையும் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். போட்டி நாள் வரை யார் தலையிலும் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்றேன். சர்க்குலர் கிடக்கட்டும் குப்பையில்!

மறுநாள் நிலாவின் அம்மா பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டார். கோயமுத்தூர்க்காரர்; கோபத்திலும் மரியாதை குறையாது. மகள் ரிப்பனுக்காக அழுகிறாள் என்றார். உங்கள் மகளுக்கு ரிப்பன் முக்கியமா, தாங்குகிற பிள்ளையின் கண் முக்கியமா என்று வெடித்தேன். பாவம், அவர் கேட்டது நியாயமான கேள்வி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அதில்லீங்க மிஸ், போட்டியன்னிக்கு வெக்கோணும்னா, பிராக்டிஸ்லயும் வெச்சுப் பழகோணுமுங்களா இல்லீங்களா?"

பின் வரிசை

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது மேடம் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தார். பதின்மூன்று தலையில் முடி தெரிகிறது, ஒரு தலையில் ஸ்கார்ஃப். ரிப்பன் வைக்க முடியாத பிள்ளை முன்னால் நின்றால் ஒரே மாதிரி இருக்காதாம். ரிஸ்வானா பின் வரிசையில் கொடி ஆட்டட்டும் என்றார். ஆறு மாதமாக அந்த டீமையே தோளில் சுமந்த பிள்ளை கொடி ஆட்ட வேண்டுமாம்! அப்படியானால் நிலாவை நீங்கள் வந்து தூக்குங்கள் மேடம் என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அரை மணி நேரம் கத்தினோம். கடைசியில் ஸ்கார்ஃபின் மேலேயே ரிப்பனைக் குத்துவது என்று முடிவானது. ரிஸ்வானா முன்வரிசையில் இருப்பாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேடம் பின்னாலிருந்து சொன்னார்:

"நல்லா இறுக்கிக் குத்துங்க மிஸ், போட்டோல கோணலாத் தெரியக் கூடாது."

போட்டியன்று

ரிஸ்வானாவின் ரிப்பனில் கிளிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு சேஃப்டி பின் வைத்து நானேதான் குத்தினேன். வழவழப்பான ஸ்கார்ஃப், கனமான ரிப்பன். ஒரு தடவையாவது அதோடு தூக்கிப் பார்க்கச் சொன்னேனா? இல்லை. டப்பாவைத் திறந்ததே அன்று காலையில்தான்.

இரண்டாவது நிமிடம். நிலா உச்சியில் நிற்கிறாள். ரிஸ்வானா அண்ணாந்து பார்த்ததும் ஸ்கார்ஃப் வழுக்கியது. ஒரு பின் விட்டது. ரிப்பன் கண்ணை மறைத்துத் தொங்கியது. இரண்டு கையும் மேலே. தள்ளிவிட முடியாது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே கண் தெரியாமல் நிலாவை ஏந்திப் பிடித்தாள் அந்தப் பிள்ளை. ஒரு கீறல் இல்லை. பரிசும் இல்லை.

வெளியே வந்து, எல்லாம் அந்த மேடத்தால் வந்த வினை என்று ஆரம்பித்தேன். ரிஸ்வானா ரிப்பனைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"மேடம் டெய்லி வைக்கணும்னாங்க, நீங்க வைக்கவே கூடாதுன்னீங்க, தூக்குறது நான்தானே மிஸ், என்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பிறகு

மறு வாரம் பதினாலு பேரையும் அந்த விரிப்பில் உட்கார வைத்துக் கேட்டேன். பத்தே நிமிடம். துணியில் சின்னதாக ஒன்று, ஸ்கார்ஃபுக்கு ஸ்கார்ஃபிலேயே தைத்தது, போட்டிக்கும் அதற்கு முந்தின இரண்டு வாரப் பிராக்டிஸுக்கும் மட்டும் என்று அவர்களே முடித்துவிட்டார்கள். பதினாலு பிள்ளைகளின் தலைக்காகப் பெரியவர்கள் நாங்கள் இத்தனை நாள் மல்லுக்கட்டினோமே, அந்தத் தலைகளுக்கும் ஒரு யோசனை இருக்கும் என்பது மட்டும் எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.