அப்பா கழற்றாத மாலை

கார்த்திகையில் நின்றுபோன மீன்குழம்பு சித்திரை வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. காலையில் மீன்காரம்மா கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துக் கூவும் புதுச்சேரித் தெருவில் இருந்துகொண்டு, மாதக்கணக்கில் கத்தரிக்காயையும் கருணைக்கிழங்கையும் தின்ற பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் கழுத்தில் கிடந்த துளசிமணி மாலை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. குடி முற்றிப்போய், குடியை நிறுத்தும் மையம் ஒன்றில் அவரைச் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது, தலை படிய வாரியிருந்தது. யாராவது குடிக்கக் கூப்பிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல அங்கே கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பழக்கினார்களாம். அப்பா வீட்டிலும் பீரோ கண்ணாடி முன்னால் நின்று வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பார். நான் கதவிடுக்கில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

மையத்தில் இருந்தவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ‘வேண்டாம்’ என்றால் ‘அரை டம்ளர் ஊற்று’ என்று பொருள். காபிக்கு என்ன உபசாரமோ அதே உபசாரம்தான் பிராந்திக்கும். பட்டறை ஆட்களிடம் “விட்டுட்டேன்பா” என்று அப்பா சொன்னால், “ரொம்ப சந்தோஷம். அதுக்கே ஒண்ணு போடலாம், வா” என்று தோளில் கை போட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால், அது ராத்திரி மாத்திரைதானே, இது சாயங்காலம்தானே என்றார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். கெட்டவர்களாக இருந்திருந்தால் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

இந்த நல்லவர்களில் முதல் ஆள் மாமா, அம்மாவின் அண்ணன். விழுப்புரத்துக்காரர். அங்கே பாட்டில் விலை அதிகம், இங்கே குறைவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சியைப் பார்க்கப் பஸ் ஏறிவிடுவார். எல்லாம் பாசம் என்றுதான் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா மையத்தில் இருந்த மூன்று மாதமும் அந்தப் பாசம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பா திரும்பி வந்த ஞாயிறு அன்று, வாழைப்பழச் சீப்போடு வாசலில் நின்றார்.

“எளச்சிட்டீங்களே மாப்ள. ஒரேடியா விட்டா ஒடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும்” என்றார், டாக்டருக்குப் படித்தவர் மாதிரி.

அப்பா தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். ஆனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தலைவலி வருமா?

அந்தச் சமயத்தில்தான் கார்த்திகை பிறந்தது. தெருவில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களோடு அப்பாவும் போட்டுக்கொண்டார். மறுநாளே எல்லாம் மாறிப்போனது. கையைப் பிடித்து இழுத்தவர்கள் எல்லாம் கை கூப்பினார்கள். மாமாகூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, “சாமி சரணம்” என்று கும்பிட்டு, காபியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக ஊருக்குப் போனார். மாத்திரைக்கும் மையத்துக்கும் கிடைக்காத மரியாதை ஒரு மணிமாலைக்குக் கிடைத்தது.

தை மாதம் எல்லாரும் மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றினார்கள். மாலை கழற்றிய அன்று எங்கள் தெரு ஆண்கள் எங்கே போவார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். கோயிலிலிருந்து நேராக அங்கேதான். ஒரு மண்டலத்துப் பாக்கியை ஒரே நாளில் தீர்ப்பார்கள். அப்பா மட்டும் கழற்றவில்லை. பழனிக்கு வேண்டுதல் என்றார். கறுப்பு வேட்டி பச்சை வேட்டியானது. பங்குனி உத்திரம் முடிந்ததும் மாரியம்மனுக்கு என்று மஞ்சள் வேட்டிக்கு மாறினார்.

வீட்டில் நாங்கள் பட்ட பாடு எந்தச் சாமி கணக்கிலும் வராது. முட்டைகூடக் கிடையாது. விடியற்காலையில் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தத்தில் தூக்கம் போய்விடும். அம்மாவுக்கோ வேறு கஷ்டம். புருஷனைத் திட்டலாம், சாமியை எப்படித் திட்டுவது? “சாமி, கரண்ட் பில்லு கட்டலயா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்பாள். பாக்கித் திட்டெல்லாம் என் தலையில் விழும். அப்பா எப்போதுதான் மறுபடி அப்பா ஆவார் என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஆவும்போது ஆவாரு. போய்ப் படி” என்றாள்.

சித்திரை முதல் வாரத்தில் மாமா ஒரு முடிவோடு வந்து இறங்கினார். “இது எந்தச் சாமிக்கு மாப்ள மாலை? இப்படியே போட்டுக்கினு இருந்தா சாமி குத்தம் ஆயிடும்” என்று கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பெரிய மார்க்கெட்டுக்குத் தானே போய் வஞ்சிரம் வாங்கி வருவதாக மாமா சொன்னார். உலகத்திலேயே நல்லவர் என் மாமாதான் என்று அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா அந்த வாரம் சரியாகவே சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை பிள்ளையார் கோயிலில் பூசாரி மாலையைக் கழற்றினார். வெறுங்கழுத்தோடு அப்பா யாரோ போல் இருந்தார். மாமா சொன்னபடி மீனைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கையில் வைத்திருந்த இன்னொரு மஞ்சள் பையோடு நேராக மாடிக்குப் போனார். பையில் பாட்டில் மோதும் சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு வாய் உள்ளே போனால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மையத்தில் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழையபடி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். அம்மாவும் நானும் கடை கடையாக ஏறி இறங்கி அப்பாவைத் தேடுவது. ஆனால் அப்பாதான் விட்டுவிட்டாரே, அது மாமாவின் சாமான், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். என் கவனமெல்லாம் தோசைக்கல்லில் பொரிந்துகொண்டிருந்த மீனில் இருந்தது.

மாமா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். “மாப்ள, வாங்க. ஐஸு கரையுது.”

அப்பா எழுந்து நின்றார். மாடிப்படியைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுப்படியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள்.

மாமா பாதிப் படி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவின் கை சோற்றில் இருந்தது. சோற்றில் கை வைத்தவனை எழுப்புவது எங்கள் பக்கம் பெரிய பாவம்; எமனே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். “சரி சரி, சாப்ட்டுட்டு வாங்க” என்று மாமா திரும்பப் படியேறினார்.

அப்பா சாப்பிட்டார். அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. குழம்பு ஊற்றி ஒரு தட்டு, ரசம் ஊற்றி ஒரு தட்டு, மோர் ஊற்றி ஒரு தட்டு. முடிந்தது என்று நினைத்தேன். மோருக்குப் பிறகு மறுபடி குழம்பு! தட்டு காலியாகப் போகிறது என்று தெரிந்தால் போதும், அவர் கேட்காமலேயே அம்மா அகப்பையை நீட்டினாள். எனக்கு ஒரு துண்டைப் போட்டு “இருடி” என்று சொன்னதோடு சரி. மாடியிலிருந்து கூப்பிடும் குரல் வர வர, அப்பா இன்னும் பெரிய உருண்டையாகப் பிடித்து வாயில் திணித்தார். நெற்றியில் வேர்த்துக்கொண்டே இருந்தது. “இன்னும் சாப்பிட்டுக்கினு இருக்காருணா” என்று அம்மா மேலே பார்த்துக் கத்தினாள். இத்தனை மாதம் பட்டினி போட்டதும் இல்லாமல், இப்போது என் பங்கையும் சேர்த்துத் தின்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

கடைசித் துண்டு தோசைக்கல்லில் இருந்தது. அம்மா அதையும் எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள். நான் ஓவென்று அழுதேன். அப்பா அதை என் பக்கம் தள்ளினார்.

“குடுக்காதீங்க. நீங்க தின்னுங்க” என்றாள் அம்மா. சாமி என்று அவள் சொல்லவில்லை.

அதற்குமேல் மாடியிலிருந்து குரல் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பினாள். மாமா பாட்டிலைத் தனியாகவே முடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கீழே வந்து சொன்னேன். அப்பா அப்போதும் கை கழுவவில்லை. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் எதிரே அம்மா காலி மீன்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மீன் தீர்ந்துபோனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளாவது என் பக்கம் இருக்கிறாளே என்ற தெம்பில், அவளைக் கட்டிக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன்.