ஆணியில் தொங்கிய சான்றிதழ்

டேப்பை எடுத்துத்தான் ஆரம்பிச்சாக. ஒரு வணக்கம் கெடையாது. நேரா சுவத்துக்கிட்ட போயி, தரையிலருந்து போர்டு எம்புட்டு உசரம்னு அளந்தாக. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டுன சுற்றுலாத் தகவல் மையத்துல கவுண்டர்ல உக்காந்திருக்கிறவ நான். எங்க மையத்துக்குத் தர அங்கீகாரம் குடுக்கலாமா வேணாமான்னு பாக்க ரெண்டு பேரு வந்திருந்தாக. மேகமலைக்கு எந்தப் பக்கம் ரோடு போகுதுன்னு கேளுங்க, ரெண்டு பேருக்கும் தெரியாது.

அம்புக்குறி நீலத்துல இருக்கணுமாம். எழுத்து வெள்ளையில இருக்கணுமாம். கக்கூஸ் படம் போட்ட போர்டுக்கு முழு மார்க் போட்டாக. கக்கூஸ்ல தண்ணி வரல, பூட்டிக் கெடக்குன்னு நானே வாய் விட்டுச் சொன்னேன். "அது இந்த ஃபாரத்துல வராதும்மா"ன்னாரு ஒருத்தர். அடேயப்பா, என்னா அறிவு!

பெறகு வாசல்ல ஆணியில தொங்குன என் கரும்பலகைக்கிட்ட வந்தாக. மலை ரோட்டுல மரம் விழுந்தாலும் மண்ணு சரிஞ்சாலும் மேகமலை பஸ் கண்டக்டர் எனக்குப் போன் பண்ணுவாரு. உடனே சாக்பீஸை எடுத்து, பஸ் இல்லைன்னு எழுதிருவேன். பஸ் போற நாள்ல பலகை காலியா இருக்கும். மலை மேல தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள்ல இருக்குற கூலிச் சனம் ஆஸ்பத்திரிக்கு, கடைக்குன்னு எறங்குனா, திரும்பும்போது அதை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவாக.

"கையால எழுதுறதெல்லாம் ஸ்டாண்டர்டு கெடையாது"ன்னு பலகையைக் கழட்டி ஜீப்புல போட்டாக. எங்க ஆபீசர் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுனாரு. அவரை மட்டும் சொல்லி என்ன? காண்ட்ராக்ட் வேலை போயிருமேன்னு நானும்தான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். இப்ப நெனச்சாலும் கேவலமா இருக்கு.

கொஞ்ச நாள்ல அங்கீகாரச் சான்றிதழ் வந்துச்சு. கண்ணாடிச் சட்டம், தங்கக் கலர் முத்திரை. வேற ஆணி அடிக்கச் சோம்பல்பட்டு, பலகை தொங்குன ஆணியிலயே அதை மாட்டிட்டாரு ஆபீசர்.

அந்த வாரமே மழை புடிச்சுக்கிச்சு. ஒருநா மத்தியானம் கண்டக்டர் கூப்பிட்டாரு. பெரிய மரம் ஒண்ணு ரோட்டுல சாஞ்சு, பஸ் மலையிலயே மாட்டிக்கிச்சாம். எழுத எடமில்ல. கவுண்டருக்கு வந்தவுககிட்ட எல்லாம் வாயால சொன்னேன். எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயி ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல.

அஞ்சு மணிக்குப் பூட்டிட்டு வெளிய வாரேன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒரு பொம்பள, மடியில காச்சக்காரப் புள்ள. எஸ்டேட்டுல வேலை பாக்குறவ, பாத்த முகம்தான். புள்ளைக்கு ஊசி போட்டுட்டு மத்தியானத்துலருந்து உக்காந்திருக்கா.

"ஏன் ஆத்தா இங்கன இருக்க? பஸ் இல்லையே"ன்னேன்.

அவ நிமிந்து பாத்தா. "பலகையைக் காணோம்க்கா. எழுத ஒண்ணும் இல்லாமத்தான் எடுத்துட்டீகன்னு நெனச்சேன். பஸ் வந்துரும்னு இருந்தேன்."

நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு எனக்கு. புள்ளை நெத்தியைத் தொட்டா அனலாக் கொதிக்குது. ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

மறுநாளும் மரத்தை எடுத்தபாடில்ல. மையத்தைத் தொறந்ததும் மொத வேலையா சான்றிதழைக் கழட்டி, திருப்பி மாட்டுனேன். பின்பக்கம் நல்ல கெட்டி அட்டை, சாக்பீஸ் சும்மா ஓடுது. 'இன்று மேகமலை பஸ் இல்லை'ன்னு கொட்டை எழுத்துல எழுதுனேன். ரோட்டுலருந்தே தெரிஞ்சுச்சு. டேப்பெல்லாம் தேவைப்படல.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தவரு பதறிப் போனாரு. "என்னம்மா இது? சான்றிதழ் எங்க?"

"அங்கனதான் சார் தொங்குது"ன்னேன். "இன்னைக்குத்தான் அதால ஒரு பிரயோசனம்."