ஆத்தாவுக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டு

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போய் மாதவராஜ் வீடு எது என்றால், "யாரு, மழைப் பாட்டுக்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேரை அவர் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்து அவர் தோளில் ஏறிக்கொண்டது, இன்றுவரை இறங்கவில்லை.

இளவயதில் இன்னிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், பெங்களூரில் பழைய கேசட் ஒன்று வாங்கிவந்தார். இங்கிலாந்தில் ராக் அண்ட் ரோல் புதிதாக முளைத்த காலத்தில் பாடிய ஒருவனுடைய பாட்டு அதில் இருந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. அவன் விக்குகிற இடத்தில் விக்கி, இழுக்கிற இடத்தில் இழுத்து நெட்டுரு போட்டார். முன்முடியைத் தூக்கிச் சீவி வெள்ளை பூட்ஸும் மாட்டிக்கொண்டார்.

அந்த ஆடியில் ஊரே காய்ந்து கிடந்தது. மாரியம்மன் பண்டிகை மேடையில் சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்தபின், விளையாட்டாகக் காலை ஆட்டி இதை எடுத்துவிட்டார். "ஆத்தா முன்னால என்னடா கத்தறான்" என்று பெரியவர்கள் எழுந்த நேரம் பார்த்துக் கொட்டியது மழை. திட்ட எழுந்தவர்கள் அப்படியே நின்று கும்பிட்டார்கள்.

மறுநாள் ஊர் கூடி, வருஷா வருஷம் ஆத்தாவுக்கு இதே பாட்டு என்று வெற்றிலை பாக்கு நீட்டியது. பெருமை தாங்காமல் வாங்கி மடியில் முடிந்துகொண்டார். கோயில் வாசலில் வாங்கின வெற்றிலையைத் திருப்பித் தர முடியுமா? அன்றைக்கு மாட்டினதுதான். மழை வந்தால் பாட்டால் வந்தது. வராவிட்டால், "காலை சரியா ஆட்டலீங்க" என்றார்கள். வேறு பாட்டுக்கு அவரைக் கூப்பிட ஆளே இல்லை.

பேத்தி கவிப்பிரியா செல்போனில் தேடிச் சொன்னாள்: "அந்த இங்கிலீஷ்காரரும் எத்தனையோ பாடியிருக்காரு தாத்தா. சாகற வரைக்கும் சனங்க இத ஒண்ணத்தான் கேட்டாங்களாம்."

"பாவம்" என்றார் மாதவராஜ்.

மனைவி கோவிந்தம்மாள் பேரில் அவரே கட்டின தமிழ்ப் பாட்டு ஒன்று பல வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது. ஒரு தடவையாவது அதை மேடையில் பாடிவிட்டு பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். இந்த ஆடியில் அதைச் சொல்ல ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரனிடம் போய் நின்றார்.

"இந்த வருசம் வேற பாட்டுங்க. முட்டி வீங்கிக் கெடக்குது."

"ஒக்காந்து பாடு, யாரு வேணாங்கறா? பாட்ட மட்டும் மாத்தாத."

"நான் செத்துப்போனா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான ஒன்ன ஊரே பொத்திப் பொத்தி வச்சிருக்குது."

பொழுது சாய மேடை ஏறியவர், யாரையும் கேட்காமல் தன் பாட்டைத் தொடங்கினார். இரண்டு அடி முடிவதற்குள், சித்தேரி மலைமேல் திரண்டிருந்த மேகத்தைக் காற்று தள்ள ஆரம்பித்தது. கூட்டம் முணுமுணுத்தது. அதை அவர் தாங்கிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த கோவிந்தம்மாளைத்தான் பார்த்தார். அவள் அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் காட்டில் நிலக்கடலை வாடி நின்றது.

அவள் எழுந்து மேடை ஓரம் வந்தாள். "பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. வூட்ல வந்து பாடுங்க. கல்லக்கா காயுது, இப்ப அந்த இங்கிலீஷ் பாட்ட எடுங்க."

ஊர் சொன்னால் மறுத்திருப்பார். சொன்னது அவள். அதைவிட, அவருக்கே அந்த மேகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு விக்கினார், இழுத்தார். வீங்கின கால் தன்பாட்டுக்கு ஆடியது.

வண்டியில் திரும்பும்போது தூற்றல் விழுந்து, ஓடை தாண்டுவதற்குள் பிடித்துக்கொண்டது. பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் தன் முந்தானையால் அவர் கழுத்தைச் சுற்றி இறுக்கினாள்.

"நனையாதீங்க, தொண்ட கட்டிக்கும். அடுத்த வருசத்துக்கு வேணுமில்ல."