முதலில் கட்டச் சொன்ன கட்டணம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்துவதுதான் அவள் வேலை. பதினேழு வருடமாக அதே முக்காலி, அதே விளக்கு. மற்றவர்கள் துடைத்து அனுப்பிய லென்ஸை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தே மயிரிழைக் கீறலைச் சொல்லிவிடுவாள். கடையில் எல்லோருக்கும் அவள் ‘பூதக்கண்ணாடி’. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

தொழிலை விட்டுப்போகும் ஒருவர் தன் லென்ஸ் அறுக்கும் மெஷினை விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது மட்டும் கிடைத்தால் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகத் தொழில் செய்யலாம். வங்கியில் கடன் கேட்டாள். சம்பளத்தைக் கையில் வாங்குகிறவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கைப்பேசியில் கண்ணில் பட்ட கடன் விளம்பரத்திலெல்லாம் பேரையும் எண்ணையும் பதிந்து வைத்தாள்.

மூன்றாம் நாள் ஒருவன் அழைத்தான். “உங்க கடன் ஓகே ஆயிடுச்சு மேடம்.” பின்னாலேயே முத்திரையும் கையெழுத்துமாக ஒரு கடிதம் வந்தது. அதில் அவள் பேர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அவளை மேடம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதில்தான் கொஞ்சம் குளிர்ந்துபோனாள் என்பதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

முதலில் ஃபைல் கட்டணம் என்றான், கட்டினாள். அடுத்து இன்சூரன்ஸ். “இதாங்க மேடம் கடைசி.” அதன்பிறகு வரி என்றான். கையிருப்பு தீர்ந்து, பழைய டெபாசிட்டின் பேரில் வங்கி கொடுத்திருந்த கிரெடிட் கார்டிலிருந்து கட்டினாள். நாலாவதாக ஒன்றைக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டியதைத் திருப்பித் தரச் சொன்னாள். அதோடு அந்த எண் அணைந்துபோயிற்று.

விஷயம் தெரிந்ததும் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணி, உங்க பட்டப்பேரை மாத்திடலாமா?” என்றாள். அன்றிலிருந்து பத்து நாள் அவளோடு பேச்சில்லை.

வங்கியில் ஜன்னலுக்குள் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே பேசினாள். “நீங்களா தானேம்மா அனுப்பியிருக்கீங்க? போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க.” போலீஸ் நிலையத்தில், “பேங்க்ல இருந்து விவரம் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். இங்கும் அங்கும் நடந்து செருப்புதான் தேய்ந்தது. வங்கியின் உதவி எண்ணிலோ காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டே கொன்றார்கள். ஐந்தாவது முறை நிலையத்துக்குப் போனவள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். “எழுதாம நான் எந்திரிக்கப் போறதில்ல சார்.” மதியத்துக்கு மேல் எழுதிக்கொடுத்தார்கள்.

கடைசியாகக் கட்டிய தொகை மட்டும், அவன் எடுப்பதற்குள் கணக்கை முடக்கிவிட்டதால், ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முன்னே கொடுத்ததெல்லாம் போனதுதான். மெஷினை அதற்குள் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதெல்லாம் கொஞ்சம் ஆறியிருந்த சமயத்தில், பக்கத்துத் தெரு சலூன்காரர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். காதோரம் உறுத்துகிறதா என்று பார்க்க அவளே வெளியே வந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து தெரிகிறதா என்று கைப்பேசியில் இருந்ததை உரக்கப் படித்தார். “மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது...”

அவள் எட்டிப் பார்த்தாள். அதே முத்திரை, அதே கையெழுத்து.

“பணம் எதாவது கட்டிட்டீங்களா அண்ணே?”

“இன்னும் இல்ல. ஃபைல் கட்டணம் மட்டும் கேட்டிருக்காங்க. சாயங்காலம் கட்டணும்.”

“கட்டாதீங்க. நான் கட்டி ஏமாந்தவ.”

அவர் முகம் சுருங்கியது. “உனக்கு வரலைன்னா எனக்கும் வராதாம்மா?”

எத்தனை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் பொறுமையிழந்து சொன்னாள்: “சரி, இப்பவே கூப்பிடுங்க. அந்தக் கட்டணத்தைக் கடன்லயே கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுங்கன்னு கேளுங்க. நெசமான ஆளா இருந்தா கழிச்சுக்கட்டுமே.”

வேண்டாவெறுப்பாக அழைத்தவர், ஒலிபெருக்கியைப் போட்டுக் கேட்டார். மறுமுனைக்காரன் விதிமுறை என்றான், மேலதிகாரி என்றான். அவர் விடாமல் அதையே திரும்பக் கேட்டதும் குரல் மாறியது. “கடன் வேணுமா வேணாமாய்யா?” என்று சீறிவிட்டு வைத்துவிட்டான்.

சலூன்காரர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, அவள்தான் கெடுத்தாள் என்பதுபோல், “இப்ப எனக்கு யாரு கடன் குடுப்பா? நீ குடுப்பியா?” என்றார்.

அவளும் இதே கேள்வியோடு எத்தனை ஜன்னல் முன்னால் நின்றிருப்பாள். கோபத்தோடு அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தளர்ந்திருந்த திருகை முடுக்கினாள்.

அவர் கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கைப்பேசியை நீட்டினார்.

“இந்த நம்பர் இனிமே வராம எப்படிம்மா தடுக்கிறது?”

அவள் கைப்பேசியை வாங்கி, செய்து காட்டினாள்.