ஆறு சக்கரம் என்றாள் தையல்காரி

தையல்காரியின் மிஷின் இருந்த அறைக்கு ஒரே ஜன்னல். வெயிலுக்காக அதன்மேல் இறக்கி அடித்திருந்த தகரம் வானத்தில் பாதியை விழுங்கிவிட்டிருந்தது. ஓடுபாதை வேலியிலிருந்து மூன்றாவது தெரு அது. இறங்க வரும் விமானத்தின் உடம்பும் இறக்கையும் தகரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். தொங்கும் சக்கரங்கள் மட்டும் கண்ணில் படும்.

பதினாறு வருஷம் அப்படிப் பார்த்ததில், சக்கரத்தை வைத்தே இனம் பிரிக்கப் பழகியிருந்தாள். பேர் தெரியவில்லை. சீருடைக்கு அளவு கொடுக்க வந்த விமான மெக்கானிக்கிடம் துணியிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு காலுக்கு இரண்டு சக்கரம் என்றால் சின்ன விமானம். நான்கு என்றால்தான் தகராறு. முன்ஜோடி தாழ்ந்து வந்தால் போயிங் 767. பின்ஜோடி தாழ்ந்தால் பெரும்பாலும் ஏர்பஸ் 330. மூன்று ஜோடி வரிசையாக வந்தால், அந்த ஊருக்கு வருகிறவற்றில் அது 777தான்.

பஸ் ஓட்டும் புருஷனுக்கு இது வேடிக்கை. "வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்தே விருந்தாளி யாருன்னு சொல்லிடுவா" என்பான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு விமானம் கடந்து போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய துணியைக் கிழிப்பதுபோல் கூரைமேல் காற்று சீறியது. ஒன்பது ஓடுகள் பெயர்ந்து பின்கட்டில் விழுந்து நொறுங்கின. துணி உலர்த்திவிட்டு மாமியார் அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். மயிரிழையில் தப்பினாள்.

மறுநாள் தையல்காரி விமான நிலையப் புகார் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி அட்டவணையைப் புரட்டினார்.

"அந்த நேரத்துல வந்தது மூணுமே சின்னதும்மா. சின்ன விமானம் விட்டுப்போற சுழல்காத்துக்கு ஓடு பேராது. பழைய கூரை, தானா விழுந்திருக்கும்."

"சின்னது இல்ல சார். ஒரு காலுக்கு ஆறு சக்கரம். 777."

"என்ன கலரு? வால்ல என்ன படம்?"

"அதெல்லாம் பார்க்கல. சக்கரம்தான் பார்த்தேன்."

அவர் சிரித்தார். "மத்தியானத்துல இங்க 777 கிடையவே கிடையாதும்மா."

"நீங்க வரவேண்டியதைச் சொல்றீங்க சார். நான் வந்ததைச் சொல்றேன்."

அவளை அனுப்பிவைத்தால் போதும் என்று அவர் உள்ளே போன் செய்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் பேனாவைத் தேடினார். வேறொரு ஊரில் பலத்த மழையாம். அங்கே இறங்க வேண்டிய விமானத்தை இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். 3.11க்கு இறங்கியது. 777.

"உக்காருங்கம்மா" என்றார். அதுவரை அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அவள் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க ஓடுகளைக் கம்பிக் கொக்கி போட்டு இறுக்கினார்கள். தட்டுகிற சத்தத்தில் மிஷினில் உட்கார முடியவில்லை. பொத்தான் தைக்க வேண்டிய சட்டைகளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனாள்.

அன்று காற்று திசை மாறியிருந்ததால் விமானங்கள் இந்தப் பக்கமாக ஏறின. ஒன்று முழு உடம்போடு தலைக்கு மேலே போனது.

"இது என்ன விமானம், சொல்லு பார்ப்போம்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

சக்கரங்கள் அதற்குள் மடங்கி உள்ளே போயிருந்தன. அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியலையேக்கா" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.